தலைச்சன் பங்கு

1973ஆம் ஆண்டு பொங்கலன்று மணப்பாட்டுக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஏறிக் கிடந்தன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் எண்ணி, அளந்து, எழுதி வைத்தார்கள். சரியாக 43 ஆண்டு கழித்து, 2016 ஜனவரி 11ஆம் தேதி மாலை, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, அதே கரையில் அதே இனம் மறுபடியும் வந்தது. இந்த முறை ஆலந்தலை தொடங்கி மணப்பாடு வரை எண்பதுக்கும் மேல். மீனவர்கள் அவற்றைப் படகில் கட்டி இழுத்துப்போய் ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் பல, போன சுவடு ஆறுமுன் திரும்பி வந்து மணலில் ஏறின. நாற்பதுக்கும் மேற்பட்டவை செத்தன. பொக்லைன் வைத்துக் குழி தோண்டி அங்கேயே புதைத்தார்கள்.

பெயரில் திமிங்கிலம் என்றிருந்தாலும் இந்தக் குறுந்துடுப்புப் பைலட் திமிங்கிலம் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கரையில் ஓங்கில் என்று சொல்கிறார்களே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி. ஒன்று கரையில் மாட்டிக்கொண்டால் மற்றவை விட்டுவிட்டுப் போவதில்லை.

இப்படி ஓர் உடல் கிடக்கும்போது சுற்றி நிற்பவர்களின் வாயில் முதலில் வரும் சொல் ‘பாவம்’. விசித்திரமான சொல் இது. செய்த குற்றத்துக்கும் அதுதான் பெயர், குற்றமே செய்யாதவன் மேல் வரும் இரக்கத்துக்கும் அதுதான் பெயர். ‘என்ன பாவம் செய்தானோ’ என்கிறோம். அதே மூச்சில் ‘ஐயோ பாவம்’ என்கிறோம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்த மொழிக்கு ஒரு பழைய கணக்கு தீராமல் கிடக்கிறது என்று பொருள். கரையொதுங்கிய டால்பினின் ஈரலையும் கொழுப்பையும் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தக் கணக்குதான் மறுபடி திறக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உலோக நஞ்சுதான் கரைக்குத் தள்ளியது என்று பொறுப்புள்ள ஆய்வாளர் எவரும் ஒற்றை வரியில் சொல்வதில்லை. முன்னே போகும் விலங்கின் நோய், காதில் குடியேறும் ஒட்டுண்ணி, கடலடியில் மனிதன் எழுப்பும் ஓசை, ஏமாற்றும் ஆழமில்லாத கரை என்று காரணங்கள் பல. இங்கே கேள்வி அது ஏன் செத்தது என்பதல்ல. உயிரோடிருந்தபோது அதன் உடலுக்குள் என்ன ஏறியிருந்தது, யார் ஏற்றியது என்பது.

உடலை அறுக்கும் வேலை அழகானதல்ல. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். வாடை துணியை விட்டுப் போகாது. தோலிலிருந்து தசை வரை முழு ஆழத்துக்கும் ஒரு கொழுப்புத் துண்டு வெட்டுவார்கள். அதை அலுமினியத் தாளில் சுற்றுவார்கள். பிளாஸ்டிக் பட்டால் அதிலுள்ள வேதிப்பொருள் கொழுப்பில் ஏறிவிடும். ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இதற்கு நேர்மாறு. அவற்றில் தேடுவது உலோகம், ஆகவே அவை சுத்தமான பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போகும். ஒரு பல்லைப் பிடுங்கி நெடுக்காக அறுத்தால் மரத்தின் வளையம் போல ஆண்டு வரிகள் தெரியும், வயது கிடைத்துவிடும். பிறகு எல்லாம் உறைபெட்டிக்குள்.

கணக்கு மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. பாதரசம் பெரும்பாலும் ஈரலில் தங்கும். கணவாய் தின்று வளர்ந்த விலங்கானால் சிறுநீரகத்தில் காட்மியம் கூடுதலாக இருக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பிசிபி, பூச்சிக்கொல்லியான டிடிடி போன்றவை தண்ணீரில் கரையாதவை. அவை கொழுப்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. அதிலுள்ள கொழுப்பமிலங்களைப் பிரித்துப் பார்த்தால் கடந்த மாதங்களில் அது எந்த மாதிரி மீன் தின்றது என்று ஊகிக்கலாம். தின்றதை மறைக்க முடியாத உடல்.

இந்தக் கொழுப்புக்குள்ளேயே ஓர் அதிசயம் உண்டு. டால்பினின் நெற்றி மேட்டிலும் கீழ்த்தாடைக்குள்ளும் இருக்கும் கொழுப்பு மற்ற இடத்துக் கொழுப்பு மாதிரி அல்ல. நெற்றிக் கொழுப்பு ஓசையைக் குவித்து முன்னே அனுப்பும் வில்லை. தாடைக் கொழுப்பு திரும்பி வரும் எதிரொலியை உள்காதுக்குக் கொண்டு சேர்க்கும் குழாய். இதில் ஐசோவேலரிக் அமிலம் நிறைய இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலர் செவ்ரோல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்பின் எண்ணெயிலிருந்து இதைப் பிரித்தெடுத்து ‘டெல்பினிக் அமிலம்’ என்றே பெயர் வைத்தார். நாள்பட்ட காலுறையின் வாடை அதற்கு. மனிதக் குழந்தையின் ரத்தத்தில் இந்த அமிலம் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. டால்பினோ இதைத் தானே தயாரித்து, தலைக்குள் வைத்துக் காதாக்கிக்கொள்கிறது.

பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகக் கரையொதுங்கும் டால்பினிலும் இந்தத் தலைக் கொழுப்பு மட்டும் கரையாமல் அப்படியே இருக்கும். உடம்பு மற்றதையெல்லாம் எரித்துத் தின்றுவிட்டு, கேட்கும் சக்தியை மட்டும் கடைசிவரை தொடாமல் வைத்திருக்கிறது.

கொழுப்பில் ஒட்டும் நஞ்சு என்றதும் தமிழ்த் தத்துவ மரபு அறிந்தவருக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வரும். வினை என்றால் மற்ற மதங்களுக்கு ஒரு சக்தி, ஒரு பதிவு, ஒரு விதி. சமணருக்கு மட்டும் அது பொருள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள். உலகம் முழுக்கப் பரவிக் கிடப்பது. உயிரின் மேல் வந்து படிவது. தமிழ்ச் சமண நூல்கள் இதற்கு வைத்த சொற்கள் ஒரு வேதியியல் புத்தகத்தின் அத்தியாயத் தலைப்புகள் போல இருக்கும். வினை உள்ளே வருவது ஊற்று, படிந்து பிடித்துக்கொள்வது கட்டு, வரும் வழியை அடைப்பது செறிப்பு, படிந்ததை நீக்குவது உதிர்ப்பு, எல்லாம் தீர்ந்த நிலை வீடு.

துகள் ஏன் ஒட்டுகிறது? அதற்குச் சமணர் காட்டும் உவமை எண்ணெய். உலர்ந்த உடம்பில் விழுந்த தூசி தட்டினால் போய்விடும். எண்ணெய் பூசிய உடம்பில் விழுந்தால் அப்பிக்கொள்ளும். கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை இந்த நான்கும்தான் உயிரின் மேல் எண்ணெய். அவற்றுக்குச் சமணம் வைத்த பெயர் கஷாயம். நம் வீட்டு அடுப்பில் சுண்டக் காய்ச்சும் அதே சொல்.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் பழைய ஓர் உவமையும் ஒரு டால்பினின் தோலடிக் கொழுப்பும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது பார்ப்பவரைக் கொஞ்சம் மயக்கும். மயங்காமல் இன்னும் இரண்டடி போனால் பொருத்தம் உடைகிறது. அது எங்கே உடைகிறது என்பதுதான் விஷயம்.

முதல் உடைப்பு நோன்பில். சமணருக்கு உதிர்ப்பின் பெரிய வழி தவம். அதில் தலையாயது உண்ணாமை. உடல் வற்ற வற்ற, ஒட்டிய வினை கழன்று விழும். டால்பினுக்கு நடப்பது தலைகீழ். இரை கிடைக்காத காலத்தில் அது தன் கொழுப்பை எரித்து வாழ்கிறது. கொழுப்பு எரிந்துபோகும், அதில் அடைந்து கிடந்த பிசிபி எரியாது. பூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததுபோல ரத்தத்தில் கலந்து சுற்றத் தொடங்கும். கொழுத்திருந்தபோது சும்மா கிடந்த நஞ்சு மெலிந்தபோது வேலை செய்கிறது. பட்டினி அதைத் தூய்மையாக்குவதில்லை.

இரண்டாவது உடைப்பு இன்னும் கடுமையானது, அது பாலில்.

நாலடியாரில் பழவினை பற்றிய அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. மாட்டு மந்தைக்குள் ஒரு கன்றை அவிழ்த்துவிட்டால் அத்தனை பசுக்களுக்கு நடுவிலும் அது தன் தாயைத் தேடிப் போய்ச் சேரும். முன் செய்த வினையும் அப்படித்தான் தன்னைச் செய்தவனைத் தேடி அடையும் என்பது கருத்து. தமிழ்நாட்டில் விதி பற்றிப் பேசும் எவரும் தெரிந்தோ தெரியாமலோ இந்தக் கன்றின் பின்னால்தான் போகிறார்கள். நீதியும் இருக்கிறது, ஆறுதலும் இருக்கிறது. உலகத்தில் எந்தச் செயலும் முகவரி தொலைந்த கடிதமாகப் போய்விடாது என்கிற ஆறுதல்.

கடலிலும் குட்டி தாயைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. டால்பின் பால் பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பேறியது. தாயின் தோலடியில் பல வருடமாகச் சேர்ந்த பிசிபி, டிடிடி போன்ற குளோரின் நஞ்சு அந்தக் கொழுப்போடு சேர்ந்தே பாலில் இறங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரை டால்பின்களை ஆராய்ந்தவர்கள் 1989ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: தாயின் உடலில் உள்ள சுமையில் ஏறத்தாழ 80 விழுக்காடு தலைச்சன் குட்டிக்குப் போய்விடுகிறது. புளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் 1970 முதல் டால்பின் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். அங்கேயும் அதே கதை. தலைச்சன் குட்டிகளின் உடலில் நஞ்சு அதிகம். அடுத்துப் பிறப்பவற்றைவிட அவை பிழைப்பது குறைவு. ஆண்களுக்கு இறக்கிவைக்க வழியில்லாததால் வயதோடு சுமை ஏறிக்கொண்டே போகிறது. பெற்ற பெண்ணுக்கு மட்டும் முதல் பேற்றோடு பாரம் குறைகிறது.

மணப்பாட்டில் பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கிய அதே 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் ஒரு கொலைத் திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. அதுவும் டால்பின் குடும்பம்தான், அவற்றில் பெரியது. ஆய்வாளர்கள் அவளுக்கு லூலூ என்று பெயர் வைத்திருந்தார்கள். கயிற்றில் சிக்கிச் செத்திருந்தாள். கொழுப்பைச் சோதித்தபோது கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி. பாதிப்பு தொடங்கும் அளவைப்போல் நூறு மடங்குக்கும் மேல். வயது இருபதாவது இருக்கும். கருப்பையையும் சூலகத்தையும் பார்த்தவர்கள் அவள் ஒருமுறைகூடக் கருவுற்றதில்லை என்று சொன்னார்கள். இறக்கிவைக்கத் தலைச்சன் இல்லை, ஆகவே எல்லாம் அவளிடமே தங்கியிருந்தது. பிசிபி உற்பத்தியை அமெரிக்கா தடை செய்த ஆண்டு 1979.

புதையல் எடுக்கவும் பாலம் நிலைக்கவும் தலைச்சன் பிள்ளையைப் பலி கேட்டதாக நம் ஊர்க் கதைகளில் வரும். கேட்டுப் பயந்த குழந்தைப் பருவம் பலருக்கும் இருக்கும். கதையில் கேட்டது பூதம். கடலில் கேட்டது யார்?

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கை மறுபடி கேட்பது நல்லது. சமணருக்கும் சைவ சித்தாந்திகளுக்கும் நடுவே நூற்றாண்டுக்கணக்கில் நடந்த வாதம். சித்தாந்தியின் கேள்வி நேரானது. வினை சடம், அதற்கு அறிவில்லை. அறிவில்லாத ஒன்று தன்னைச் செய்தவன் இன்னான் என்று எப்படி அடையாளம் காணும்? கணக்குப் பார்த்து, உரியவனிடம் உரிய பலனைக் கொண்டு சேர்க்க அறிவுள்ள ஒருவன் வேண்டும், அவனே இறைவன். சமணர் தரப்பின் பதிலும் கூர்மையானது. விஷமும் சடம்தான், அதற்கும் அறிவில்லை. ஆனாலும் உண்டவனைக் கொல்கிறது. அதற்கு நடுவில் நீதிபதி எதற்கு?

கேட்க முடிந்த பதில்தான். ஆனால் இதற்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. விஷ உவமையில் உண்டவனும் செய்தவனும் ஒருவனே என்று நாமாகவே எடுத்துக்கொள்கிறோம். விஷம் உண்டவனைத்தான் கொல்லும், கலந்தவனை அல்ல. ஓங்கிலின் உடல் இந்த ஓட்டையில்தான் விழுந்து கிடக்கிறது. பாதரசம் தன் வழியில் பிசகாமல் போகிறது. மண்ணில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும், மிதவை உயிரி அதைச் சேர்க்கும், மிதவையைச் சிறு மீனும் சிறு மீனைப் பெரு மீனும் பெரு மீனை ஓங்கிலும் தின்னும். படி ஏற ஏற அடர்த்தி கூடும். இதில் எங்கும் தவறு நடக்கவில்லை, எதுவும் வழி தப்பவில்லை. செய்தவனைத் தவிர மற்ற எல்லோரையும் அது சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது.

‘போன பிறவியில் அந்த ஓங்கில் ஒரு ஆலை முதலாளியாக இருந்திருக்கலாம்’ என்று ஒருவர் சொல்லக்கூடும். தர்க்கப்படி இதை யாராலும் மறுக்க முடியாது. அதனாலேயே அது பயனற்ற பதில். எந்தக் கொடுமைக்கும் பொருந்தும் சாவி எந்தப் பூட்டையும் திறப்பதில்லை. பௌத்த மரபில் சீவகர் என்னும் நாடோடித் துறவி புத்தரிடம் நேரடியாகவே இதைக் கேட்கிறார்: நாம் அனுபவிப்பதெல்லாம் முன்வினையா? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், சிலேத்துமம், வாதம், இவை மூன்றும் கூடிய கலப்பு, பருவ மாற்றம், பேணாமை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழு. எட்டாவதாகத்தான் வினை. எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் தாண்டிப் போகிறார்கள் என்பது அவர் முடிவு. ஓர் உயிரைப் பார்த்து ‘இது உன் வினையல்ல’ என்று சொல்ல இந்திய மரபுக்குள்ளேயே இடம் இருந்திருக்கிறது. நாம்தான் அதை அதிகம் பயன்படுத்தவில்லை.

இன்னொரு உவமையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அது ஈரலில்.

டால்பினின் ஈரலில் பாதரசத்தோடு இன்னொரு தனிமமும் ஏறுவதைக் கவனித்தவர்கள் அளவிட்டுப் பார்த்தார்கள். 1973ல் வெளியான ஓர் ஆய்வு, கடல் பாலூட்டிகளின் ஈரலில் ஒரு பாதரச அணுவுக்கு ஒரு செலினியம் அணு என்ற விகிதம் நிலவுவதைக் காட்டியது. பின்னர் நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே கருநிற மணிகள் தெரிந்தன. அது தீமனைட் என்னும் கனிமம். ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் கிடைத்த அதே பாதரச செலினைடு. தன் சொந்தத் தேவைக்கு வைத்திருந்த செலினியத்தைக் கொடுத்து, ஒவ்வோர் அணுவாகப் பிடித்து, நஞ்சைக் கல்லாக்கி ஈரலில் அடைத்து வைக்கிறது அந்த உடல். வயதான டால்பினின் ஈரலில் இந்தக் கல் வருடா வருடம் கூடும்.

கடலிலிருந்து எழுந்த நஞ்சை வாங்கித் தொண்டையில் நிறுத்திய தெய்வத்தைக் கும்பிடும் ஊரில் இதைப் படித்தால் நீலகண்டன் நினைவு வராமல் இருக்காது. அது அழகான ஒப்புமை. அழகாக இருப்பதே அதிலுள்ள ஆபத்து. ஆலகாலத்தைச் சிவன் தெரிந்தே, தானே கையேந்தி வாங்கினான். ஓங்கிலை யாரும் கேட்கவில்லை. தியாகம் என்ற சொல்லைப் பலியானவன் மேல் பிறர் போர்த்தினால் அது கொலையை மறைக்கும் துணி.

ஆனால் அந்தச் சொல்லை உள்ளிருந்தே சொன்ன ஒரு வீடு இருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில். அங்கே சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் மீன் தின்ற பூனைகள் ஆடி ஆடிச் செத்தன. 1956 மே 1ஆம் தேதி மனிதருக்கு வந்த நோய் முறைப்படி பதிவானது. தாய்க்கு வெளித்தெரியும் நோய் இல்லாமலிருக்க, குழந்தை மட்டும் முடங்கிப் பிறந்தது. நச்சுக்கொடி நஞ்சைத் தடுக்கும் என்றுதான் அதுவரை மருத்துவம் நம்பியிருந்தது. மருத்துவர் ஹரதா மசஸுமி வேறு வழியில் போனார். பிறந்த குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்துவது ஜப்பானிய வீடுகளின் வழக்கம். தாய்மார்களிடம் அந்தப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினார். கொடியில் மெத்தில் பாதரசம் இருந்தது. டால்பின் குட்டிக்குப் பால் வழியே போனது, மினமாட்டாக் குழந்தைக்குக் கருவிலேயே கொடி வழியே போயிருந்தது.

அந்தக் குழந்தைகளில் ஒருத்தி வீட்டுக்கு மூத்தவள். பேசாள், நடக்காள், கை விரியாது. அவளுக்குப் பின் பிறந்தவர்கள் நலமாக இருந்தார்கள். தன் உடம்பிலிருந்த நஞ்சையெல்லாம் இவளே எடுத்துக்கொண்டாள், அதனால்தான் நானும் பிழைத்தேன், இவள் தம்பி தங்கைகளும் பிழைத்தார்கள் என்று தாய் சொன்னாள். வீட்டில் அவளைப் புதையல் குழந்தை என்று அழைத்தார்கள். சரசோட்டாவில் விஞ்ஞானிகள் எண்களில் எழுதியதை அந்தத் தாய் தன் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு மட்டுமே உரிமை. ஆலையோ அரசோ மதமோ அதைக் கடன் வாங்கிச் சொன்னால் அபத்தம்.

அதே கடற்கரையில் ஒகாத்தா மசாத்தோ என்ற மீனவர் இருக்கிறார். தந்தையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர், தானும் நோயாளி, நிவாரணத்துக்காகப் பல ஆண்டு போராடியவர். 1985ல் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கூட இருந்தவர்களுக்கு அதிர்ச்சி. பிறகு அவர் எழுதிய நூலின் தலைப்பே ‘சிஸ்ஸோ நானே’ என்று பொருள்படும். ஆலையை அவர் மன்னித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆலை தயாரித்த அசிட்டால்டிஹைடு பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கும் பொருளுக்குப் போனது. அந்தப் பிளாஸ்டிக் அவர் வீட்டிலும் இருந்தது. அந்த ஆலையில் வேலை கிடைத்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன் என்று அவர் தன்னிடமே ஒப்புக்கொண்டார். இழப்பீடு, சான்றிதழ், தீர்ப்பு ஆகியவற்றின் மொழியில் இந்தக் குற்றத்துக்கு விடை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அவரும் மற்ற நோயாளிகளும் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். அமிதா புத்தரின் ஆதி வாக்கைக் குறிக்கும் ‘ஹொங்கன்’ என்ற சொல்லை அதற்குப் பெயராக வைத்தார்கள். விரிகுடாவின் நஞ்சுச் சேற்றைத் தோண்டி 58 ஹெக்டேருக்கு நிலமாக மூடியிருக்கிறது அரசு. நஞ்சேறிய மீன்களும் பீப்பாய்களில் அடைத்து அதற்கடியில்தான் கிடக்கின்றன. அந்த நிலத்தின் மேல், கடலைப் பார்த்தபடி, தங்கள் கையால் செதுக்கிய சிறு சிறு கற்சிலைகளை அந்தக் குழு வைத்தது. மனிதருக்கு மட்டுமல்ல, பூனைக்கும் பறவைக்கும் மீனுக்கும் சேர்த்து.

வினை செய்தவனைத் தேடி வரவில்லை என்றால் செய்தவன்தான் வினையைத் தேடிப் போக வேண்டும். ஒகாத்தா செய்தது அதுதான். மந்தைக்குள் அவிழ்த்துவிட்ட கன்றுக்காகக் காத்திருக்காமல் பசு தேடிப் புறப்பட்டது.

செய்தவன் யாரென்றே தெரியாத சாவுக்குக் கொள்ளி வைப்பது யார்? வியட்நாமின் மத்திய, தென் கரை மீனவர்கள் இதற்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் திமிங்கிலமும் ஓங்கிலும் ‘கா ஓங்’, அதாவது பெரியவர் மீன்; புயலில் படகைத் தாங்கிக் கரை சேர்க்கும் தெய்வம். செத்து ஒதுங்கினால் சிறியதோ பெரியதோ இறுதிச் சடங்கு உண்டு. அந்த உடலை முதலில் பார்த்தவர் எவரோ அவரே அதற்கு மூத்த மகன். பெற்றவர் இறந்தால் கட்டும் துக்கத் துணியைக் கட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். சில ஆண்டு கழித்து எலும்பைத் தோண்டியெடுத்துக் கழுவிக் கோயிலில் வைப்பார்கள். பான் தியெட் நகரில் 1762ல் கட்டிய வான் துய் து கோயிலில் 22 மீட்டர் நீளத் திமிங்கில எலும்புக்கூடு ஒன்று முழுசாக நிற்கிறது. அந்தக் கடலில் எந்தெந்த இனங்கள் வாழ்ந்தன என்று அறிய இப்போது உயிரியலாளர்கள் இத்தகைய கோயில்களுக்குத்தான் போகிறார்கள். பக்தி சேர்த்துவைத்தது அறிவியலுக்கு ஆவணமாகிவிட்டது.

அங்கே யார் செய்தது என்ற கேள்வியே எழுவதில்லை. யார் பார்த்தது என்று மட்டும் கேட்கிறார்கள்.

நம் கரையில் ஓங்கிலுக்குக் கோயில் இல்லை, சட்டம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கிலமும் ஓங்கிலும் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் செத்து ஒதுங்கிய உடலை வாடை எழுமுன் குழிக்குள் தள்ளி மூடிவிடுவதிலேயே ஊரின் அவசரம் இருக்கிறது. மூடிவிட்டால் ஈரலின் கணக்கும் கொழுப்பின் கணக்கும் மணலோடு போயிற்று. ஆகவே கரையில் முதலில் பார்ப்பவர் நீங்களாக இருந்தால், மூத்த மகனின் வேலை உங்களுடையது. உயிர் இருந்தால் மூச்சுத் துளையில் மணலோ தண்ணீரோ போகாமல் தோலை ஈரமாக வைத்திருங்கள். செத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். இரண்டிலும் முதல் தொலைபேசி அழைப்பு வனத்துறைக்குப் போகட்டும்; கால்நடை மருத்துவர் வந்து ஒரு துண்டு ஈரலும் ஒரு துண்டு கொழுப்பும் ஒரு பல்லும் எடுத்துக்கொள்ளும் வரை பொக்லைனை நிறுத்திவையுங்கள்.